வளைவில் அடிக்காத ஹாரன்

வேலாமணிக்கு அந்த வரி மனப்பாடம். "எதிர்மனுதாரர் தமது வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும், ஒலி எழுப்பாமலும் ஓட்டி வந்து..." ஊட்டியில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. டைப்பிங்கும் உண்டு. விபத்துக்கு இழப்பீடு கேட்டு யார் வழக்குப் போட்டாலும் மனு பெரும்பாலும் அவள் விரல் வழியாகத்தான் போகும். லாரி மோதியிருந்தாலும் சரி, ஆட்டோ உரசியிருந்தாலும் சரி, இந்த வரி மட்டும் மாறாது. மாடு முட்டினதுக்கு மட்டும்தான் இதை எழுத முடியாது என்று வக்கீல் தேவநேசன் சொல்லிச் சிரிப்பார். மலையில் ஹாரன் அடிக்காமல் எவன் வண்டி ஓட்டுவான், எல்லாம் ஜோடனை என்று நினைத்துக்கொண்டே அவள் டைப் அடிப்பாள்.

இப்போது அந்த வரி அவளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது அது. கேத்தியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வினாத்தாள் கட்டுகளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று லவ்டேல் வீட்டிலிருந்து காரில் இறங்கிக்கொண்டிருந்தாள். நல்ல பனிமூட்டம். இறக்கத்தில் ஊரில் பாதிப் பேர் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியைத் தன் போக்கில் உருள விட்டாள். பெட்ரோல் மிச்சம். கட்டுகளை எண்ணி எடுத்து வைத்தோமா என்ற யோசனையில் ஒரு வளைவைத் திரும்பினாள். எதிரே ஒரு சைக்கிளின் முதுகு.

திருப்பினாள். திருப்பியும், காரின் இடப்பக்கக் கண்ணாடி சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த தகரப்பெட்டியைத் தட்டியது. சைக்கிள்காரன் ஓரத்து ஓடையில் சாய்ந்தான். பெட்டி திறந்துகொண்டது. பொன்னிறமாக மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டுகள் ஈரத் தார்ச்சாலை முழுக்கச் சிதறின.

அவள் இறங்கி ஓடுவதற்குள் அவன் எழுந்துவிட்டான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. கைகள் வெடவெடவென்று ஆடின.

"ஏனுங், அடி பட்டுடுச்சுங்களா? வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஒண்ணுமில்லக்கா. நீங்க பயப்படாதீங்க. போங்க."

அவ்வளவுதான் சொன்னான். சைக்கிளை நிமிர்த்தினான். நனையாத வர்க்கிகளை மட்டும் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டான். அவள் கார் எண்ணைப் பார்க்கவில்லை, பேர் கேட்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. தப்பித்தோம் என்று வேலாமணி வண்டியை எடுத்தாள். கேத்தி போய்ச் சேர்வதற்குள் அந்த நிம்மதியே அவளைக் குடைய ஆரம்பித்தது. இடிபட்டவன் எதையும் கேட்காமல் விடுவானா?

ராத்திரி வண்டியின் காகிதங்களை எடுத்துப் பார்த்தாள். இன்சூரன்ஸ் போன வாரமே முடிந்திருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த செய்திகள் போனில் திறக்கப்படாமல் கிடந்தன. ஊருக்கெல்லாம் 'இன்சூரன்ஸ் நகல் ரெண்டு காப்பி எடுத்து வச்சுக்கங்க' என்று புத்தி சொல்கிறவள் அவள். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை வக்கீல் தேவநேசனிடம் மட்டும் சொன்னாள். அவர் காலையில் கடைக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் குடிக்கிற அளவுக்குப் பழக்கம்.

"இன்சூரன்ஸ் இல்லேன்னா கம்பெனி கையை விரிச்சிடும், வேலாமணியம்மா. தீர்ப்பு வந்தா மொத்தமும் உங்க தலையில. இந்தக் கடையை எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

"முட்டியில சிராய்ப்புதானுங்க சார்."

"எத்தனை சிராய்ப்பை நீங்களே எலும்பு முறிவா டைப் அடிச்சிருக்கீங்க?"

"நானா அடிக்கலீங்க. நீங்க சொன்னீங்க, நான் அடிச்சேன்."

"அதேதான். அவனுக்கும் சொல்றதுக்கு ஒருத்தன் கிடைப்பான்." அவர் காபியை ஆற்றினார். "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. 'என் தப்பு', 'என்னால'ங்கற வார்த்தை உங்க வாயில வரவே கூடாது. யார் கேட்டாலும். சாமி கேட்டாலும்."

வேலாமணி தினமும் காலையில் கடை திறந்ததும் முருகன் படத்துக்கு ஒரு செம்பருத்தி வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவாள். அவர் அப்படிச் சொன்னபோது அந்தப் படத்தின் பக்கம் பார்க்காமல் தலையை ஆட்டினாள்.

அவர் எழுந்து போவதற்குள், கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் பை எதுவும் இல்லை. நகல் எடுக்க வந்தவள் மாதிரித் தெரியவில்லை.

"அக்கா, கேத்தி ரோட்டுல... வர்க்கிக்காரர் சம்சாரம் நான். சுமலதா. கார் கண்ணாடியில கடைப் பேர் ஒட்டியிருந்துச்சுன்னு அவரு சொன்னாரு."

தேவநேசன் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நகல் எடுக்க நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப எப்படி இருக்காருங்க?" என்றாள் வேலாமணி, வார்த்தைக்கு வார்த்தை அளந்து.

"காயம் ஆறிட்டு வருது. ராவுலதான் தூக்கமே இல்ல. திடுக்குன்னு எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு. சைக்கிளைத் தொட்டாலே கை நடுங்குது." சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க முழுப் பேரு என்னக்கா?"

"எதுக்குங்க?"

"சும்மாதான். அன்னிக்கு வண்டியில நீங்க தனியாத்தான் வந்தீங்களா? கூட யாராச்சும் இருந்தாங்களா?"

பேர், சாட்சி, மன உளைச்சல். ஒரு மனுவுக்கு வேண்டியதெல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தது.

"வேலை இருக்குதுங்க. அப்பறமாப் பேசலாம்."

அந்தப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நின்றவர்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். "நான் அப்புறம் வாறேன்க்கா" என்று இறங்கிப் போனாள். போகும்போது எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த வேலாமணியின் காரை நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

தேவநேசன் செய்தித்தாளை இறக்கினார். "நல்லாப் பாடம் படிச்சிட்டு வந்திருக்கா. முதல்ல வண்டியைக் கழுவுங்க. கீறல், சேறு, எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே கார் வாட்டர் சர்வீசுக்குப் போய்ப் பளபளவென்று வந்தது. டயரைக்கூட பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னாள்.

மறுநாள் மதியம் மெஷினுக்குக் காகிதம் நிரப்பிவிட்டு நிமிர்ந்தவள் கண்ணாடி வழியே எதிர்ப்புறம் பார்த்தாள். கார் அருகே சுமலதா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு காகிதத் துண்டு. சக்கரத்தின் உள்விளிம்பில் விரலை விட்டு வழித்தாள். விரலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்து அங்கேயும் வழித்துப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று. வேலாமணி வாசலுக்கு வருவதற்குள் எழுந்து விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துவிட்டாள்.

"பாத்தீங்களா? ஆதாரம் தேடறா" என்றார் தேவநேசன், அவள் போனில் விஷயத்தைச் சொன்னதும். "இனிமேல் காத்திருக்கக் கூடாது. அவங்க ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னால நாம புகார் குடுத்திடணும். சொல்றேன், அடிங்க."

அவள் அடித்தாள். "நான் பலமுறை ஒலி எழுப்பியும், மேற்படி நபர் மது அருந்திய நிலையில் திடீரெனக் குறுக்கே வந்து, எனது வாகனத்தில் தாமாகவே மோதிக் கீழே விழுந்தார்." பழக்க தோஷம், அவள் விரல்கள் 'ஒலி எழுப்பாமலும்' என்றே அடித்துவிட்டன. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் விரல் பழைய தடத்திலேயே போயிற்று. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பொய்யை அவளால் முடிக்க முடிந்தது. மனிதன் மறந்தாலும் ஆண்டவன் எங்கேயோ ஓரிடத்தில் உண்மையைக் குறித்துத்தான் வைக்கிறான். அவளுக்கு அதை விரலிலேயே வைத்துவிட்டான் போலிருக்கிறது.

புகாரில் ஓரிடம் மட்டும் காலி. அவனுடைய தகப்பன் பேரும் விலாசமும் தெரியாது. வர்க்கி போடும் பேக்கரியில் கேட்டால் தெரியும் என்று, புகாரைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கேத்திக்குப் புறப்பட்டாள்.

பேக்கரி முதலாளி நஞ்சப்பன், நீலகிரிப் படகர், வாசலிலேயே நின்றிருந்தார். சைக்கிளில் வர்க்கி கொண்டுபோகிறவரைப் பற்றி அவரிடம் கேட்டாள்.

"தினகரனா? வளைவுல பாசி வழுக்கி விழுந்துட்டேன்னான். என்ன விஷயம்?"

"கார் எதுவும் இடிச்சதாச் சொல்லலீங்களா?"

"காரா? அப்படி ஒண்ணும் சொல்லலையே."

வேலாமணிக்குச் சந்தேகம் இன்னும் தடித்தது. எதற்காக மறைக்கிறான்? வாயைத் திறக்காமல் இருக்கிறவன்தான் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தவன் என்று தேவநேசன் சொல்வார். மெதுவாகக் கேட்டாள்: "குடிப்பாருங்களா?"

"டீ குடிப்பான். அதுக்கு மேல போகமாட்டான்." நஞ்சப்பன் பெருமூச்சு விட்டார். "நல்ல பையன்தான். ஆனா விழுந்ததுலேர்ந்து சைக்கிள்ல ஏறவே மாட்டேங்கறான். பெட்டியைத் தலையில வச்சு நடந்தே போறான். கடைசி லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வர்க்கி நமுத்துப் போகுது. இப்படியே போனா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். குடிக்கிறவனா இருந்திருந்தா என்னைக்கோ நிறுத்தியிருப்பேன்."

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருக்கிற காகிதம் ஸ்டேஷனுக்குப் போனால் இவர் காதுக்கு வராமலா இருக்கும்? போட்டால் அவன் பிழைப்பு போகும். போடாவிட்டால் தன் கடை போகும். அவனா நானா என்று வந்தால் நான்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் குடியிருக்கிற லயத்துக்கு வழி கேட்டாள்.

தேயிலைக்கு நடுவே ஒரே வரிசையாகப் பத்துப் பதினைந்து வீடுகள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் லயம். ஒரு வீட்டுச் சுவரில் அந்தச் சைக்கிள் பிளாஸ்டிக் விரிப்புக்குள் சாய்ந்திருந்தது. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுமலதா அவளைக் கண்டதும் கீரையோடு எழுந்துவிட்டாள்.

"அக்கா! நீங்களே வந்துட்டீங்களா? உள்ள வாங்க. என்னாங்க, இந்தா பாருங்க யாரு வந்திருக்காங்கன்னு!"

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த தினகரன் அவசரமாக எழுந்தான். வேலாமணி முக்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் மாரியம்மன் படம். படத்தின் கீழ்ப் பலகையில் ஒரு போன் நிமிர்த்திச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் கேமரா நேராக அவள் முகத்தைப் பார்த்தது. பதிவு பண்ணுகிறார்கள். அவள் மனது கெட்டியாயிற்று. தகப்பன் பேரைக் கேட்டுக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது" என்றாள் சுமலதா. "நேத்துக் கடையில அத்தனை பேர் முன்னால கேக்க வெக்கமாப் போச்சு. எங்க மாமி சொல்வாங்க, ஒருத்தரால பயந்துட்டா அவங்க கையாலேயே தண்ணி வாங்கிக் குடிக்கணும்னு. குடுக்கறவங்க, 'என்னால வந்த பயம் என்னோட போகட்டும்'னு வாயால சொல்லணும். இடிச்ச வண்டிச் சக்கரத்து மண்ணு ஒரு சிட்டிகை நெத்தியில வைக்கணும். மத்தியானம் மண்ணு எடுக்க வந்தேன். நீங்க வண்டியைக் கழுவிப்புட்டீங்க."

"பேர் கேட்டது?" என்றாள் வேலாமணி.

"மாரியம்மன் கோயில்ல வேண்டிக்கத்தான். கார்ல இருந்த எல்லாருக்கும் சேத்து வேண்டிக்கணும்ல? இடிச்சவங்களும்தானே பயந்திருப்பாங்க."

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளும் தூங்கவில்லை. நீயும் பயந்திருப்பாயே என்று இதுவரை அவளை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கும்படி அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

சுமலதா பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். சொம்பு சில்லென்றிருந்தது. 'என்னால' என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது, சாமி கேட்டாலும். இப்போது சாமி படமாக மேலே மாட்டியிருக்கிறது. கீழே போன் வேறு நிற்கிறது. சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம். அவளுக்கு அது நன்றாகவே தெரியும். அவள் டைப் அடிக்காத வாக்குமூலமா?

தினகரன் இரண்டு கையையும் குவித்து நீட்டினான். கைகள் இன்னும் நடுங்கின.

"என்னால..." என்றாள். போனை ஒரு தரம் பார்த்தாள். பார்த்தால் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று தோன்றியது. "என்னால வந்த பயம் என்னோட போகட்டும். நான்தானுங்க தப்பு. வளைவுல ஹாரன் அடிக்கல. நியூட்ரல்ல வண்டியை உருள விட்டுட்டு எதையோ நெனச்சுட்டு வந்தேன்."

தண்ணீரை ஊற்றினாள். அவன் குடிக்கவில்லை. விரலிடுக்கில் தண்ணீர் வழிய, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திரும்பச் சொல்லுங்கக்கா. ஹாரன் அடிக்கலையா?"

"இல்லீங்க."

"இன்ஜின் சத்தமும் இல்லையா?"

"நியூட்ரல்ல எங்க சத்தம் வரும்?"

அவன் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டான். "நான் அந்த ரோட்டுல காதை வச்சுத்தான்க்கா ஓட்டுறேன். மூட்டத்துல கண்ணு என்னத்துக்கு ஆகும்? பின்னால வர்றது பஸ்ஸா ஜீப்பான்னு ரெண்டு வளைவுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. கார்க்காரங்க அடிச்சிருப்பாங்க, நமக்குத்தான் காது மந்தமாயிருச்சுன்னு நெனச்சேன். செவிடன்னு தெரிஞ்சா முதலாளி சைக்கிளைப் புடுங்கிருவாரு. அதான் அவருகிட்ட தானா விழுந்தேன்னுட்டேன்."

"எங்கிட்டகூடச் சொல்லல பாருங்க!" என்றாள் சுமலதா. "மூணு நாளா நான் கூப்பிட்டா திரும்பிப் பாக்காம இருந்தது நடிப்பா?"

"அது நடிப்பு இல்ல. பழக்கம்."

சுமலதா கீரைத்தண்டால் அவன் தோளில் ஒன்று போட்டாள். வேலாமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுபடி தண்ணீர் ஊற்றினாள். இந்த முறை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தான். அவள் கண் போன் பக்கம் போனதைப் பார்த்து, "அங்க வச்சாத்தான்க்கா சிக்னல் கெடைக்கும்" என்றாள் சுமலதா.

கைப்பையில் இருந்த புகாரைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதை மாரியம்மனிடம் மட்டும் மனதுக்குள் சொன்னாள். ஆனால் மற்றதைச் சொன்னாள்: "என் வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சுங்க. நீங்க கேஸ் போட்டா கம்பெனி தராது, நான்தான் தரணும். தர்றேன். முதல்ல நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, கையைக் காலைக் காட்டிட்டு வந்துடலாம்."

"நாளைக்கே அதைக் கட்டிருங்கக்கா" என்றான் தினகரன். "அடுத்து நீங்க இடிக்கிற ஆளு என்னை மாதிரி இருக்கமாட்டான்."

காருக்கு வந்ததும் போன் அடித்தது. தேவநேசன்.

"அப்பன் பேர் கிடைச்சுதா?"

"கேக்கலீங்க சார். அந்தப் புகார் வேண்டாம். நான் அவங்ககிட்டப் பேசிட்டேன்."

"என்ன பேசினீங்க?"

"நடந்ததை."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அவங்க நாளைக்கே ஒருத்தனைப் புடிச்சுக் கேஸ் போட்டா?"

"போடட்டுமுங்க. டைப் அடிக்க எங்கடைக்குத்தான வரணும்? அந்த வரியை நானே அடிச்சுத் தர்றேன். இந்தத் தடவை அது நெசம்."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நாளைக்குக் காபிக்கு வாங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வண்டியைக் கிளப்பும்போது சுமலதா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். கையில் காகிதத்தில் சுற்றின வர்க்கி. கண்ணாடி வழியாக மடியில் போட்டுவிட்டு, "முழுப் பேரு?" என்று கேட்டாள்.

"வேலாமணி. அவ்வளவுதான் கண்ணு, முழுசும்."

அதற்குள் தினகரன் விரிப்பை உருவிச் சைக்கிளை வெளியே கொண்டுவந்திருந்தான். பேக்கரிக்குப் போய் மாலைச் சரக்கை எடுக்க வேண்டுமாம். ஏறி உட்கார்ந்து கால் ஊன்றி நின்றான். ஒரு கணம் யோசித்தான். பிறகு மிதித்துவிட்டான்.

மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டாவது கியரிலேயே பின்னால் மெதுவாகப் போனாள். இன்ஜின் உறுமியது. பெட்ரோல் போனால் போகட்டும். முதல் வளைவு வந்தது. அவன் கண்ணுக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தான். இருந்தாலும் நீளமாக ஒரு ஹாரன் அடித்தாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டது என்று சொல்கிற மாதிரி இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.